ஆறாம் எண் சட்டைக்கு வந்த தந்தி

தாலித்ஸா
13 மார்ச் 1994, மன்னிப்பு ஞாயிறு

அன்புள்ள ரிம்மாவுக்கு,

இன்று மேசையில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான் அர்க்காதி, என் மாமியார் பெலகேயா, ஸொசிமா மாமா, என் மகள் வார்யா. மொத்தம் ஐந்து பேர். பக்கத்து வீட்டு ஃபைனாவும் வந்தாள், ஆனால் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு அப்பம் தின்றுவிட்டுப் போனாள், அதனால் அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. சுட்டது அறுபத்து நான்கு, மிச்சம் மூன்று. நாளை பெரிய நோன்பு தொடங்குகிறது, வெண்ணெய் தொடக்கூடாது. அந்த மூன்றும் நாய்க்குப் போயின.

சாப்பிட்டதும் வழக்கம்போல ஒருவர் முன் ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்டோம். என் மாமியார் என்னிடம் வந்து, "போன வருஷம் உன் ஊறுகாய் உப்புன்னு சொன்னேன். மன்னிச்சிடு. ஆனா உப்புதான்" என்றார். "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிச்சேன்" என்றேன். அதைத்தானே சொல்ல வேண்டும்.

வந்து கேட்க முடியாத தூரத்தில் இருப்பவள் நீ ஒருத்திதான். அதனால் எழுத்தில் கேட்கிறேன். ரிம்மா, என்னை மன்னித்துவிடு. நீயும் அந்த வார்த்தையை எழுதி அனுப்பு. அது வராமல் எனக்கு நோன்பு தொடங்காது.

இனி மற்றது. மேசையில் உன்னைப் பற்றித்தான் பேச்சு. தபால் நிலையத்தில் ஓர் இடம் காலி. ஈஸ்டர் வரைக்கும் உனக்காக வைத்திருப்பதாக அங்கே பொறுப்பிலிருக்கும் அம்மாள் சொல்லியிருக்கிறாள். "ஓட்டம்தானே வேணும் அவளுக்கு? தபால்காரி நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கணும். அதுவும் ஓட்டம்தான்" என்கிறார் உன் அத்தான். மாமா சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன், கோபப்படாதே. "இருபத்தேழு வயசுல பந்துக்குப் பின்னால ஓடுறவளுக்கு, முப்பத்தேழுல எதுக்குப் பின்னால ஓட இருக்கும்?"

அது அவர்கள் பேச்சு. ஆனால் ஒன்று கேட்கிறேன். செப்டம்பரில் ஆஸ்பத்திரியில் உன் முழங்காலை அறுத்தார்கள். எனக்குத் தெரிந்தது அக்டோபரில். அதுவும் வேறு யாரோ சொல்லி. உன் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்றும் உண்டு. அதை நேரில் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
தைசியா


சரத்தோவ்
21 மார்ச் 1994

அக்கா,

"கடவுள் மன்னிப்பார்" என்று ஒரு வரி எழுதிப் போட்டால் உன் நோன்பு தொடங்கிவிடும், எனக்கும் வேலை முடிந்தது. ஆனால் எழுதப் போவதில்லை. எதற்கு என்று சொல்லாமல் கேட்கிற மன்னிப்பு, நம் ஆள் எங்கே நிற்கிறாள் என்று பார்க்காமல் உதைக்கிற பந்து மாதிரி. நான் அப்படி யாருக்கும் பாஸ் கொடுத்ததில்லை, வாங்கவும் மாட்டேன். நேரில் சொல்ல வைத்திருப்பதை எழுத்தில் சொல். பிறகு பார்க்கலாம்.

முழங்காலை மறைத்தது என் தப்புதான். சொல்லியிருந்தால் நீ முதல் ரயிலில் வந்து என் பெட்டியைக் கட்டியிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

மாமாவிடம் சொல்: முப்பத்தேழில் பந்து என் பின்னால் ஓடிவரும். அத்தானிடம் சொல்: பன்னிரண்டு கிலோமீட்டரை நான் ஒரே ஆட்டத்தில் ஓடிவிடுகிறேன், தொண்ணூறு நிமிடத்தில், நாய் துரத்தாமலே.

எங்கள் இவோல்கா அணியை நடத்திய ஆலை குளிர்காலத்தில் கைகழுவிவிட்டது. இப்போது பயிற்சி செங்கல் சூளை முற்றத்தில். ஆண்களின் இரண்டாம் அணி போன பிறகுதான் எங்களுக்கு இடம். அவர்களுடைய பூட்ஸ்தான் எங்களுக்கும். இருப்பதிலேயே சின்ன அளவை எடுத்து, இரண்டு காலுறை போட்டு நிரப்பிக்கொள்கிறோம். போன வாரம் அவர்களுடைய பயிற்சியாளர் வேலியோரம் நின்று, "பொண்ணுங்களா, அடுப்புல சூப் பொங்குது, போய்ப் பாருங்க" என்றார். எங்கள் கோல்கீப்பர் நோன்னா, என் அறைக்காரி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க போய் இறக்கி வச்சிடுங்க அண்ணே. போன ஞாயித்துக்கிழமை அஞ்சு கோல் வாங்கினீங்களே, அதுக்கப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை?"

நீ ஒரு தடவைகூட என் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அதனால் சொல்கிறேன். கோல் போடுகிறவளை எல்லோரும் பார்க்கிறார்கள். தடுக்கிறவளையும் பார்க்கிறார்கள். நடுக்களத்தில் நிற்கிறவள் வீட்டுக்கு மூத்த பெண் மாதிரி. எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும், அவள் படுத்துவிட்டால்தான் அவள் இருந்தது தெரியும். உனக்கு இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

ஜனவரியில் தேசிய அணி முகாமுக்கு இருபத்திரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். நான் இல்லை. சரி, முழங்கால் என்று நினைத்திருப்பார்கள். பிப்ரவரியில் உள்ளரங்கப் போட்டிக்குப் போனபோது அந்த அணியின் உதவிப் பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும், "சில மகாராணிங்களுக்குத் தந்தி அடிச்சாலும் பதில் போட நேரம் இருக்காது" என்றார். யாரையோ குத்துகிறார் என்று எல்லோரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

அடுத்த பட்டியல் மே மாதம். ஆறாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஆட்டமும் ஆடப்போகிறேன், அவர்கள் என்னை விட்டுவிட்டுப் பட்டியல் எழுத முடியாத மாதிரி. தபால் நிலையத்து அம்மாளிடம் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

ரிம்மா


தாலித்ஸா
29 மார்ச் 1994

ரிம்மாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அந்த மகாராணி என்கிற இடத்தில் நான்கு முறையும் நின்றுவிட்டேன்.

அந்த மகாராணி நீதான்.

ஜனவரி நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டே காலுக்குத் தந்தி வந்தது. உன் பதிவு முகவரி இன்னும் நம் வீடுதானே. வீட்டில் நானும் என் மாமியாரும். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஜனவரி பதினேழாம் தேதி தேசிய அணி முகாமுக்கு வரவும், சம்மதத்தைப் பத்தாம் தேதிக்குள் தந்தியில் தெரிவிக்கவும் என்று இருந்தது. உன் பெயர், அப்பா பெயர், எல்லாம் சரியாக இருந்தது.

அதைப் புனித நிக்கலாய் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

நம் அம்மா முடிவெடுக்க முடியாத காகிதம் எதையும் அங்கேதான் வைப்பாள் என்பது உனக்குத் தெரியும். வீட்டுப் பத்திரம், அப்பா ராணுவத்திலிருந்து எழுதியது, உன்னைப் பள்ளியிலிருந்து அனுப்பப்போவதாக வந்த கடிதம். மூன்று நாள் வைப்பாள். நான்காம் நாள் எடுக்கும்போது என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். நானும் அப்படித்தான் வைத்தேன். ஏழாம் தேதி நம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று.

ஆறாம் தேதி நீயே வந்துவிட்டாய். மூன்று நாள் இருந்தாய். அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட்டாய். "இந்தத் தடவை கூப்பிடுவாங்கக்கா, எனக்குத் தெரியும்" என்றாய். நான் உனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றுவதை நிறுத்தவில்லை.

ஒன்பதாம் தேதி நீ போனாய். பத்தாம் தேதி திங்கள்கிழமை. அன்று நான் துணி துவைத்தேன். அதன் பிறகு அந்தக் காகிதத்தை எடுத்தால் எனக்குத் தெரியப்போவது நான் செய்த குற்றம் ஒன்றுதான் என்பதால் எடுக்கவேயில்லை. மன்னிப்பு ஞாயிறு வரைக்கும் அறுபத்தெட்டு நாள்.

உன் முழங்காலுக்குப் பயந்தேன் என்று எழுதலாம். அது பாதி உண்மை. மீதியை இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. நீ அங்கே ஜெயித்துவிட்டால் இனி இந்த வீட்டுக்கு வரமாட்டாய் என்று பயந்தேன். தோற்றால் வருவாய் என்று இருந்தேன். கூடப் பிறந்தவள் தோற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் பெயருக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன்.

இன்னொகேந்தி சாமியாரிடம் பாவ அறிக்கை செய்யப் போனேன். அவர் கேட்டுவிட்டு, "என்கிட்ட எதுக்கும்மா சொல்ற? கேக்க வேண்டியவ சரத்தோவ்ல இருக்கா. அவகிட்ட சொல்லிட்டு வா, அப்புறம் கேக்குறேன்" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சொல்லிவிட்டேன்.

தைசியா


சரத்தோவ்
5 ஏப்ரல் 1994

தைசியா யெஃபீமொவ்னா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

பிப்ரவரியில் அந்த உதவிப் பயிற்சியாளர் பேசிய அரங்கத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவர் யாரைச் சொல்கிறார் என்று தெரிந்திருக்கும். அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே சிரித்திருக்கிறார்கள். நானும் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். இவளுக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் திமிர் உண்டுதான், ஆனால் அன்றைக்குச் சிரித்தது திமிரில் இல்லை.

அறுத்த முழங்காலோடு டிசம்பர் முழுக்கச் சூளைப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன், ஜனவரிக்குத் தயாராக. நோன்னா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்த நாட்கள் உண்டு. நீ அப்போது ஊறுகாய் ஜாடியில் வெள்ளரிக்காய் எண்ணிக்கொண்டிருந்திருப்பாய்.

இப்போது நான் போய், "என் அக்கா தந்தியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்" என்று சொல்ல வேண்டுமா? வீட்டுப் பாடத்தை ஆடு தின்றுவிட்டது என்று சொல்கிற பிள்ளைகள்கூட இதைவிட நல்ல பொய் சொல்வார்கள். யாரிடமும் போய்க் கெஞ்சமாட்டேன். இருபத்து நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே எங்கள் முதல் ஆட்டம். ஆடுவேன். அதற்கடுத்த வாரமும் ஆடுவேன். அவர்கள் கூப்பிடாமல் எனக்கு முப்பது வயதானாலும் ஆடுவேன்.

எனக்கு எழுதாதே.

ரி.


தாலித்ஸா
14 ஏப்ரல் 1994

ரிம்மாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப்போட உனக்கு உரிமை உண்டு, எழுத எனக்குக் கடமை உண்டு.

செவ்வாய்க்கிழமை மாஸ்கோ போய் வந்தேன். ஒரு நாளுக்கு வேண்டிய உருளைக்கிழங்கை வேகவைத்து அடுப்பில் வைத்துவிட்டு, விஷயத்தை உன் அத்தானிடம் சொன்னேன். தந்தி முதல் எல்லாவற்றையும். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "உனக்கென்ன பைத்தியமா? போன ரயிலுக்கு இப்ப கொடி காட்டப் போறியா? அவமானம் நமக்குத்தான்" என்றார். "அவமானம் எனக்குத்தான். உங்களுக்கு உருளைக்கிழங்கு இருக்கு" என்றேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக இப்படிப் பேசினேன். என் மாமியார் மூலையிலிருந்து, "நானா இருந்தா ஜனவரியிலேயே போயிருப்பேன்" என்றார்.

தந்தியில் இருந்த தேசிய அணி அலுவலகத்தில் காலை பத்தேகாலுக்கு இருந்தேன். நடைக்கூடத்தில் விளையாட்டுச் சட்டை போட்ட ஓர் ஆள், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, "பாட்டி, யாரு வேணும்?" என்றான். முக்காடு போட்டிருந்தேன், அதனால் இருக்கலாம்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசு. தலைமைப் பயிற்சியாளர் வேணும்."

"எதுக்கு?"

"அவருகிட்டதான் சொல்வேன்."

யாருக்கு என்ன உறவு என்று கேட்டான். சொன்னேன். அவனுக்கு உன் பெயர் தெரிந்திருந்தது. "ஓ, அந்த மகாராணியா?" என்றான். உன் கடிதத்தில் வந்த ஆள் அவன்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். "அம்மா, ஊருக்குப் போய் அவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க. பொம்பளைங்க கால்பந்து எல்லாம் ரெண்டு வருஷத்துக் கூத்து."

"கல்யாணம் பண்ணிக்கிட்டவ நான். என்னப் பாத்தா ஒழுங்கா இருக்கிறவ மாதிரி தெரியுதா உங்களுக்கு?" என்றேன். அவன் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டுப் போய்விட்டான். நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து நோன்பு ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட்டேன். பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குத் தலைமைப் பயிற்சியாளர் வெளியே வந்தார். கண்ணாடி போட்டவர், ஒரு கால் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறார்.

"தங்கச்சிக்கு இடம் கேக்க வந்தீங்களா?"

"இல்ல. குத்தத்தை ஒப்புக்க வந்தேன்."

தந்தியைக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார். "இது எங்க இருந்துச்சு?"

"புனித நிக்கலாய்க்குப் பின்னால."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஆட்டக்காரங்களைக் கல்யாணத்துக்குப் பறிகொடுத்திருக்கேன், குடிக்குப் பறிகொடுத்திருக்கேன், இத்தாலிக்குப் பறிகொடுத்திருக்கேன். சாமிக்குப் பறிகொடுத்தது இதான் முதல் தடவை" என்றார். சிரிக்கவில்லை.

உனக்காக நான் ஒரு வார்த்தைகூடக் கெஞ்சவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். மே மாதப் பட்டியல் முடிந்துவிட்டது என்றார். "சரிங்க" என்றேன். "அவ முழங்கால் எப்படி இருக்கு?" என்றார். "எனக்குத் தெரியாது. என்கிட்ட சொல்ல மாட்டா" என்றேன். அது உண்மைதானே. அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார். இருபத்து நான்கு, சரத்தோவ் என்றேன். குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் தந்தியை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நீ கேட்காமல் போனேன். அது இரண்டாவது குற்றமாக இருக்கலாம். ஆனால் என் குற்றத்தை நான் சொல்ல உன் அனுமதி தேவையில்லை என்று நினைத்தேன். தப்பென்றால் தப்புத்தான், ஏற்றுக்கொள்கிறேன். பின்வாங்கமாட்டேன்.

தைசியா


சரத்தோவ்
26 ஏப்ரல் 1994

அக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முதலில் கோபம்தான். ஜனவரியில் என்னைக் கேட்காமல் கதவைச் சாத்தினாய், ஏப்ரலில் என்னைக் கேட்காமல் கதவைத் தட்டியிருக்கிறாய். அன்றைய பயிற்சியில் எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். "அந்தக் கோபத்தை ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கோடி, எங்க மேல ஏன் கொட்டுற?" என்றாள் நோன்னா. அவளிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அந்தக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ என்கிற இடத்தைச் சத்தமாக இரண்டு முறை படித்தாள். இப்போது எங்கள் அணி முழுக்க அது பேச்சாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மழை. பார்க்க வந்தவர்கள் எண்பது பேர் இருக்கும். அன்று குருத்தோலை ஞாயிறு என்பதால் கோயிலிலிருந்து நேராக வில்லோ மரக் குச்சிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. குடைக்குக் கீழே கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

தோற்றுவிட்டோம், ஒன்றுக்கு இரண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ வேறு எதையாவது கற்பனை பண்ணாதே. முப்பதாவது நிமிடத்தில் எதிரணியின் எட்டாம் எண் என் அறுத்த முழங்காலிலேயே உதைத்தாள். வேண்டுமென்றுதான். எங்கள் பயிற்சியாளர் மாற்று ஆளை எழுப்பிவிட்டார். "உக்கார வைங்க அவளை. நான் விழுந்தா அப்புறம் எழுப்புங்க" என்றேன். விழவில்லை. நாங்கள் போட்ட அந்த ஒரு கோல், நான் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த பந்து. அதைப் போட்டவளை எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். அது அப்படித்தான்.

முடிந்ததும் அவர் வேலியோரம் வந்தார்.

"உங்க அக்கா சொன்னது நிஜமா?"

"நிஜம்."

"அவங்க மேல கோபமா?"

"அது உங்க பட்டியல்ல ஒரு கேள்வியா?"

"இல்ல. முழங்கால்?"

"இப்ப தொண்ணூறு நிமிஷம் பாத்தீங்களே."

குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "மே பத்து. இருபத்து மூணாவது ஆளா வரலாம். ஆனா அங்க இருபத்திரண்டு படுக்கைதான் இருக்கு."

"நான் வரேன். தரையில யார் படுக்கறதுன்னு ஒரு வாரத்துல பார்த்துக்கலாம்" என்றேன்.

அவர் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. மகாராணி என்று பெயர் வாங்கியாகிவிட்டது, அப்படியே இருக்கட்டும். அந்த விதைக்காரன் முன்னால் போய் நிற்கும்போது அதே பெயரோடுதான் நிற்பேன்.

படிவத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன். ஓரிடம் மட்டும் காலி. நெருங்கிய உறவினர், பெயர், முகவரி. எனக்கு என்ன ஆனாலும் முதலில் அவருக்குத்தான் சொல்வார்கள். எனக்கு வருகிற காகிதங்களும் அவர் வீட்டுக்குத்தான் போகும். "எம் பேரைப் போடு, ஒரே அறைதானே" என்கிறாள் நோன்னா. பேனாவை எடுத்தேன், எழுதவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. அது வேறு, இது வேறு. இது ஒரு வேலை. அந்த வேலையை நீ செய்வாயா என்று கேட்கிறேன். உன் பெயரை எழுதினால், எது வந்தாலும் வந்த அன்றைக்கே எனக்கு வர வேண்டும். உனக்குப் பிடித்தாலும், பிடிக்காவிட்டாலும். நான் வெளிநாட்டுக்கு ஆடப் போகிறேன் என்று வந்தாலும். இனி அந்த வீட்டுக்கு வரவே மாட்டேன் என்று உனக்குப் படுகிற மாதிரி ஏதாவது வந்தாலும்.

என் பக்கத்திலிருந்து, கால் உடைந்தால் உனக்கு அன்றைக்கே தெரியும். மறைக்கமாட்டேன்.

முடியும் என்றால் முடியும் என்று எழுது. முடியாது என்றால் அதையும் எழுது, நோன்னாவின் பெயரைப் போட்டுக்கொள்கிறேன், சண்டை இல்லை. படிவம் மே ஆறாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

சீக்கிரம் பதில் போடு.

ரிம்மா